ஊதா மூடிக் குழாய்

(மாற்றுச் சிறுநீரகமும் மறுவாழ்வும் – 7)

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்காமல் இருக்க, டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போன்ற மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். காவலை அடக்கினால் உள்ளே உறங்கிக் கிடப்பவையும் எழுந்துகொள்ளும். அவற்றில் முக்கியமானவை இரண்டு வைரஸ்கள்.

முதலாவது சி.எம்.வி. நம் ஊர்ப் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே வந்து, வந்த சுவடு தெரியாமல் உடம்பிலேயே தங்கிவிட்ட வைரஸ் இது. மாற்று அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் விழித்துக்கொண்டால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அசதி, வெள்ளணுக் குறைவு என்று வெளிப்படும். திருச்சுழிப் பக்கம் சித்திரை வெயிலில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் யாருக்குத்தான் வராது? பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி, கடையில் இரண்டு மாத்திரை என்று நாலு நாளை ஓட்டிவிடுவார்கள். கிட்னி மாற்றியவருக்கு அந்த நாலு நாள் மிகப் பெரிய இழப்பு.

இரண்டாவது பி.கே. வைரஸ். 1971-இல் லண்டனில், சிறுநீரகம் மாற்றப்பட்ட ஒரு சூடான் நாட்டவரின் சிறுநீரில் சில்வியா கார்ட்னரும் உடன் பணியாற்றியவர்களும் இதைக் கண்டார்கள். அந்த நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளே வைரஸின் பெயராயின. அதே 1971-இல்தான் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மோகன் ராவும் டாக்டர் கே.வி. ஜானியும் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தார்கள். அதே சி.எம்.சி.யில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் வைரஸ் நோய்களைக் கண்டறியும் ஆய்வுக்கூடத்தை வளர்த்தெடுத்தார். கத்தி பிடிக்கும் கையும் ரத்தத்தைப் படிக்கும் கண்ணும் ஒரே வளாகத்தில் இருந்தன. அந்த ஏற்பாட்டின் அருமை மதுரைக்குத் தெற்கே வாழும் நமக்கு நன்றாகவே புரியும்.

பி.கே. வைரஸ் பெரும்பாலும் காய்ச்சலோ வலியோ காட்டாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் மட்டும் ரத்தத்தில் மெல்ல ஏறும். உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கும்போதும் கிரியாட்டினின் அப்படித்தான் ஏறும். நிராகரிப்பு என்றால் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும், பி.கே. என்றால் அதே மருந்தைக் குறைக்க வேண்டும். இந்த வைரஸைக் குறிவைத்துக் கொல்லும் நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. ஆகவே ஆள் மாறாட்டம் நடந்தால் வைத்தியமே சிறுநீரகத்தைத் தின்றுவிடும். எது எது என்று பிரித்துச் சொல்லப் பரிசோதனையும், தேவைப்பட்டால் பயாப்ஸியும்தான் துணை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ‘வைரஸ் டெஸ்ட்’ என்று கேட்டால் சில லேப்களில் ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். அவை எதிரணுக்களைத் தேடும் பரிசோதனைகள். எதிரணு உண்டாக்கும் சக்தியையே மாத்திரையால் அடக்கி வைத்திருப்பவரிடம் ஐ.ஜி.எம். இல்லை என்பதற்கு அர்த்தமில்லை. ஐ.ஜி.ஜி. இருந்தால், என்றோ அந்த வைரஸ் வந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அறுவைக்கு முன் கொடுப்பவர், பெறுபவர் இருவருக்கும் ஐ.ஜி.ஜி. அவசியம். பிறகு வேண்டியது வைரஸையே எண்ணும் பி.சி.ஆர்.

அந்த எண்ணையும் தனியாக வைத்து முடிவு கட்ட முடியாது. பி.கே. வைரஸ் ஒரு மில்லி பிளாஸ்மாவில் 10,000 பிரதிகளுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் எச்சரிக்கை என்று ஒரு பொது அளவு உண்டு. சி.எம்.வி.க்கு உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் சர்வதேச அலகு வகுத்தது. அப்படியும் லேபுக்கு லேப் எண் மாறுகிறது. முழு ரத்தத்தில் பார்த்தால் ஓர் எண், பிளாஸ்மாவில் பார்த்தால் வேறு எண். மூன்று மடங்குக்குக் குறைந்த ஏற்ற இறக்கம் சோதனையின் இயல்பான தடுமாற்றமாகவே இருக்கலாம். போன மாதம் ஓரிடம், இந்த மாதம் வேறிடம் என்று கொடுத்தால் வைரஸ் ஏறியதா, லேப் மாறியதா என்று டாக்டரால் சொல்ல முடியாது.

இனி அந்த ஊதா மூடிக் குழாய். பி.சி.ஆருக்கான ரத்தம் பொதுவாக இதில்தான் எடுக்கப்படுகிறது. உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ளே இருக்கும். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். அதுவரை குளிர்ச்சி தேவை, ஆனால் முழு ரத்தம் உறைபனியாகவும் கூடாது. குண்டாறு மணலாய்க் கிடக்கும் கோடையில், அருப்புக்கோட்டையிலிருந்து காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போகும் பஸ்ஸில் பனிக்கட்டிப் பை இல்லாமல் அந்தக் குழாய் போனால், வரும் எண்ணை நம்புவது கடினம்.

எண் சரியாக வந்தாலும் உரியவரிடம் சேர வேண்டும். நம் விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அந்தக் கொடையாளிக்குத் தொற்று இருப்பது 2016-இல் அவர் ரத்தம் கொடுத்தபோதே பரிசோதனையில் தெரிந்திருந்தது. தகவல் அவரைச் சேரவில்லை. அவர் மறுபடி ரத்தம் கொடுத்தார். அது உறுப்பு மாற்று இல்லை. ஆனாலும் அந்த ரிப்போர்ட்டை நினைக்காமல் இந்த அத்தியாயத்தை என்னால் எழுத முடியவில்லை.

கோவிட் காலத்தில் ஆர்.டி.பி.சி.ஆர். என்ற சொல் கரிசல் காட்டுக் கடைசிக் கிராமம் வரை வந்தது. கருவிகள் மாவட்டங்கள் வரை வந்தன. உரிய கிட்டும் பயிற்சி பெற்றவர்களும் இருந்தால் அதே வகைக் கருவியில் சி.எம்.வி.யையும் பி.கே.யையும் எண்ணலாம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மதுரை பெரியாஸ்பத்திரியில் கிட்னி மாற்றிக்கொண்டு ஊர் திரும்பியவர்களுக்கு, ரத்தமாவது விருதுநகரிலேயே சோதிக்கப்பட வேண்டும். மருத்துவத் துறை இதைச் செய்துதர வேண்டும் என்று வேண்டுகிறேன்.

அதுவரை, சிறுநீரகம் மாற்றிக்கொண்ட அன்பர்களே, ரிப்போர்ட்டுகளை எல்லாம் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். ஒரே லேபில் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் கடை மாத்திரையில் நிறுத்தாமல், அறுவை செய்த மருத்துவமனைக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள்.