உங்களுக்குத் தெரியுமா? காதில் ‘பீப்’... காலடியில் புதையல்!

கையில் மெட்டல் டிடெக்டர், காதில் ஹெட்போன், தோளில் சின்ன மண்வெட்டி. உழுது போட்ட வயலில் பழங்காசு தேடிப் போவது பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அப்படிப் போனவர்களுக்குக் கிடைத்ததைக் கேளுங்கள், அசந்துபோவீர்கள்!

★ 1992, இங்கிலாந்தின் சஃபோக் பகுதி. ஹாக்ஸன் கிராமத்து விவசாயி ஒருவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித் தர டிடெக்டரோடு வந்தார் நண்பர் எரிக் லாஸ். அகப்பட்டதோ ரோமானியக் காசுகள். கிட்டத்தட்ட 15,000!

★ சுத்தியலும் கிடைத்துவிட்டது! இப்போது அது இருப்பது பிரிட்டிஷ் மியூசியத்தில். லாஸுக்கு வந்த பரிசு 17.5 லட்சம் பவுண்டு. அதில் விவசாயிக்கும் பங்கு கொடுத்தார் மனிதர்!

★ அதே புதையலில் வெள்ளி மிளகுக் குப்பிகள் 4. அதில் ஒன்று நகையணிந்த சீமாட்டியின் வடிவம்! அந்தச் சீமாட்டிக்குள் போட்டுவைத்த மிளகு எங்கே விளைந்தது? நம் தென்னிந்தியாவில்! அதுவும் 1,600 வருஷத்துக்கு முன்பு!

★ ஒரே பானையில் எத்தனை காசு அடைக்கலாம்? 2010-இல் சாமர்செட்டில் ஃப்ரோம் ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த பானையில் இருந்தவை 52,503! எடை 160 கிலோ!

★ அந்தப் பானையைக் கண்டுபிடித்தவர் பேராசிரியரா? இல்லை. ஆஸ்பத்திரிச் சமையல்காரர் டேவ் கிரிஸ்ப்! பானையின் வாய் தெரிந்ததுமே தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியல் ஆட்களுக்குத் தகவல் சொன்னார். அதனால்தான் எந்தக் காசு எந்த அடுக்கில் கிடந்தது என்பதுவரை தெரிந்தது!

★ அந்தப் பானையில் 760-க்கும் மேற்பட்ட காசுகளில் ஒரே ஆளின் முகம். பெயர் கரோசியஸ். ரோமின் கடற்படைத் தளபதியாக இருந்தவர், பிரிட்டனில் தன்னைத்தானே சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டார். சொந்தக் காசும் அடித்தார். ஆண்டது சுமார் 7 வருஷம்தான்!

★ ஜெர்சி தீவு. ‘அந்த வயலில் முன்பு வெள்ளிக் காசு கிடைத்தது’ என்று ஒரு பெண்மணி சொன்னதை நம்பி இரண்டு நண்பர்கள் தேடத் தொடங்கினார்கள். அறுவடை முடிந்த பிறகு மட்டுமே வயலில் இறங்க அனுமதி. விட்டார்களா? தேடினார்கள், தேடினார்கள்... 30 வருஷம்!

★ 2012-இல் அடித்தது யோகம். கட்டியாக இறுகிப்போயிருந்த, கெல்ட்டியர் என்ற பழங்குடியினரின் காசுக் குவியல், முக்கால் டன் எடை! ஒவ்வொரு காசாகப் பிரித்தெடுத்து முடிக்க 2017 ஆகிவிட்டது. எண்ணிக்கை கிட்டத்தட்ட 70,000!

★ 1066-இல் நார்மன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அந்தக் கலவரக் காலத்தில் யாரோ புதைத்த வெள்ளிக் காசுகள் 2019-இல் செவ் பள்ளத்தாக்கில் வெளியே வந்தன. மொத்தம் 2,584. விலை 43 லட்சம் பவுண்டு!

★ அந்தக் குவியலில் ஒரு வேடிக்கை. சில காசுகளில் ஒரு பக்கம் புது ராஜா, மறு பக்கம் பழைய ராஜா! புது அச்சு வாங்கினால் அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். பழைய அச்சையே ஓட்டிவிட்டார் காசு அடித்தவர். வரி ஏய்ப்புக்கு வயது சுமார் 950!

★ 2021, டெவன் பகுதி. ஒரு வயலில் கிடைத்தது ஒரே ஒரு தங்கக் காசு. மூன்றாம் ஹென்றி 1257-இல் அடித்தது. எடை 3 கிராம்கூட இல்லை. உலகத்திலேயே இருப்பவை 8 என்கிறார்கள். ஏலத்தில் போன விலை 6,48,000 பவுண்டு!

★ 2007-இல் யார்க் பகுதியில் அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து டிடெக்டர் பிடித்தார்கள். கிடைத்தது வைகிங் கடலோடிகள் புதைத்த வெள்ளிக் கிண்ணமும் 617 காசுகளும். அதில் ஒன்று அடிக்கப்பட்ட ஊர் எது தெரியுமா? மத்திய ஆசியாவின் சமர்கண்ட்!

★ டென்மார்க்கில் ஒருவர் புது டிடெக்டரை முதன்முதலாக எடுத்துக்கொண்டு போனார். சில மணி நேரத்தில் ‘பீப்’. கிட்டத்தட்ட 1 கிலோ தங்கம்! பதக்கமாக மாற்றிய ரோமானியக் காசுகளும் அதில் இருந்தன. 1,500 வருஷத்துக்கு முந்தைய புதையல்!

★ ஆஸ்திரேலியாவில் 1980-இல் ஒரு டிடெக்டர் ஓயாமல் கூவியது. ஒரே அடி ஆழத்தில் இருந்தது தங்கக் கட்டி. எடை 27 கிலோவுக்கும் மேல்! வாங்கியது லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி. விலை 10 லட்சம் டாலருக்கு மேல்!

★ கி.பி. 9-இல் ஜெர்மானியக் காட்டில் ரோமின் 3 படையணிகள் அடியோடு அழிந்தன. போர் நடந்த இடம் எது? தலையைப் பிய்த்துக்கொண்டார்கள் அறிஞர்கள். 1987-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டோனி கிளன் டிடெக்டரோடு போய் ரோமானிய வெள்ளிக் காசுகளையும் ஈயக் கவண் குண்டுகளையும் எடுத்தார். இடத்துக்குத் துப்பு கிடைத்தது!

★ டெலிபோன் தந்த கிரகாம் பெல்தான் டிடெக்டருக்கும் முன்னோடி! 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டைத் தேடக் கருவியோடு ஓடினார். டாக்டர் வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டு கிடந்ததோ இடப்பக்கம்!

★ இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி தேட டிடெக்டர் செய்து கொடுத்தவர் போலந்து வீரர் யோசஃப் கோசாட்ஸ்கி. 1942 எல் அலமைன் போரில் பயன்பட்டவை 500. காப்புரிமையே வாங்கவில்லை அவர். பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் சும்மா கொடுத்தார். பதிலுக்கு வந்தது மன்னரின் நன்றிக் கடிதம்!

★ டிடெக்டர் எத்தனை அடி ஆழம் பார்க்கும்? அடியா! தனியாகக் கிடக்கும் சின்னக் காசு என்றால் ஒரு சாண்தான் கணக்கு. கோடி ரூபாய்க் காசுகள் பல, ஏர் முனை உரசும் ஆழத்தில் கிடந்தவையே!

★ டிடெக்டர்காரர்களை அதிகம் ஏமாற்றுவது எது? குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையம்! தங்கத்துக்கும் அதற்கும் டிடெக்டரில் கிட்டத்தட்ட ஒரே சத்தம். வெள்ளிக்குக் கீச்சுக் குரல், இரும்புக்குக் கட்டைக் குரல். காதை வைத்தே உலோகத்தைச் சொல்லிவிடுகிறார்கள் அனுபவசாலிகள்!

★ இங்கிலாந்தில் புதையல் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மியூசியம் வாங்கிக்கொண்டால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பரிசுத்தொகை. இப்படிப் பொதுமக்கள் காட்டிப் பதிவான பொருள்கள் 15 லட்சத்துக்கும் மேல்!

★ சொல்லாமல் மறைத்தால்? 2015-இல் ஹெரிஃபோர்ட்ஷயரில் இரண்டு பேருக்கு வைகிங் புதையல் கிடைத்தது. சுமார் 300 காசுகளை வாயே திறக்காமல் விற்கப் பார்த்தார்கள். 2019-இல் தீர்ப்பு. ஒருவருக்கு 10 வருஷம் ஜெயில், இன்னொருவருக்கு எட்டரை!

★ அயர்லாந்தில் அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேட டிடெக்டரைக் கையில் எடுத்தாலே குற்றம். டென்மார்க்கில் மண்ணுக்குள் கிடைக்கும் பழங்காசு அரசுக்குத்தான் சொந்தம். அந்தச் சட்டத்தின் வேர் எந்த வருஷம்? 1241!

★ நம்ம ஊர் மண் மட்டும் சளைத்ததா? 1898-இல் புதுக்கோட்டைச் சீமை கருக்காக்குறிச்சியில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகள் 501! டிடெக்டர் என்ற பொருளே கடைக்கு வராத காலம்! பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தி முகத்தின் மேல் ஒரு வெட்டு!

★ ‘வருஷா வருஷம் இந்தியாவுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு போய்விடுகிறதே’ என்று குமுறினார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. போன காசெல்லாம் எங்கே? கோவையிலும் கரூரிலும் மண்ணைக் கிளறியபோதெல்லாம் வந்ததே!

★ 2020-இல் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் மண் தோண்டினார்கள். வெளியே வந்தது ஒரு பாத்திரம். உள்ளே தங்கக் காசுகள் 505! எடை 1.7 கிலோ!

★ உங்கள் கொல்லையில் இப்படி ஏதாவது கிடைத்தால்? கலெக்டருக்கு எழுதித் தெரிவித்தே ஆக வேண்டும். 1878-இல் வந்த புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. எவ்வளவு மதிப்பைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும்? லட்சமா, ஆயிரமா? வெறும் 10 ரூபாய்!