ஏற்காடா, சேலமா? வாடகையும் குறையணும், கேள்வியும் குறையணும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன எபிசோட்ல பெங்களூரை விட்டுக் கிளம்பப் போறேன்னு போகிற போக்குல ஒரு வரி சொல்லிட்டேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "எங்க போறீங்க, எப்படி முடிவு பண்ணீங்க?" இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல என் நிலவரம். வயசு 28. பொறியியல் படிச்சு முடிச்ச கையோட பெங்களூர் வந்து ஆறு வருஷம் ஆச்சு. மாச வாடகை 29,000, அட்வான்ஸ் ரெண்டரை லட்சம். போன வருஷம் எங்க டீமுக்கு முழு ரிமோட் அனுமதி கிடைச்சுது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் போனா போதும். நானும் அவனும் கல்யாணம் பண்ணி ஒண்ணரை வருஷம் ஆகுது. ரெண்டு பேரும் வேற வேற ஜாதி. ரெண்டு வீட்லயும் இன்னும் முழுசா பேச ஆரம்பிக்கல. அதனால எங்களுக்கு ஊர் தேடுறதுன்னா ரெண்டு கேள்வி. நம்ம சம்பளத்துக்குக் கட்டுப்படி ஆகுமா? அங்க நம்மள நிம்மதியா இருக்க விடுவாங்களா?

அமெரிக்காவுல நம்ம வயசுப் பசங்களுக்கும் இதே தலைவலிதான். நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ வாடகை கொடுத்து மாளாம மினியாபொலிஸ், மேடிசன், கொலம்பஸ்னு நடுநாட்டு ஊர்களா தேடுறாங்க. செலவு கம்மியா இருக்கணும், ஆனா யாரு, என்ன, யாரைக் கட்டிக்கிட்டேன்னு குடையக் கூடாது. நாங்க தேடினதும் அதே மாதிரி ஒரு ஊரைத்தான், தமிழ்நாட்டுக்குள்ள.

முதல் ஆசை: ஏற்காடு

முதல்ல மனசுல வந்தது ஏற்காடுதான். சேர்வராயன் மலை, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஊட்டி, கொடைக்கானல் அளவுக்குக் கூட்டமும் கிடையாது, விலையும் கிடையாது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்க காபிச் செடியைக் கொண்டு வந்தார். இன்னைக்கும் மலை முழுக்க சில்வர் ஓக் மரம், அதுல ஏறின மிளகுக் கொடி, கீழே காபி. ஜன்னலைத் திறந்தா மேகம், லேப்டாப் பக்கத்துல காபி. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இருக்கிற கனவுதானே?

ஜூலையில ரெண்டு வாரம் அங்க ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்த்தோம். சுற்றுலாப் பயணியா இல்ல. திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, காய்கறி வாங்கி சமையல், துணி துவைச்சு காயப் போடுறதுன்னு முழுசா. எந்த ஊருக்குப் போறதா இருந்தாலும் இதை மட்டும் செஞ்சுடுங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாள் பார்த்துட்டு ஒரு ஊரை முடிவு பண்ணாதீங்க.

மலைக் கணக்கு

நாங்க பார்த்த வீடுகள்ல வாடகை 9,000-லிருந்து 14,000 வரை. பெங்களூரோட ஒப்பிட்டா பாதிக்கும் கீழே. அப்படியே எக்ஸெல் திறந்து மத்த செலவையும் எழுத ஆரம்பிச்சேன்.

அவசரத்துக்கு அரசு மருத்துவமனை மேலேயே இருக்கு. ஆனா ஸ்பெஷலிஸ்ட், ஸ்கேன்னு வந்தா சேலம்தான். லேப்டாப் சர்வீஸ், நல்ல பல் டாக்டர், பேங்க்ல கொஞ்சம் பெரிய வேலைன்னாலும் சேலம்தான். போக 30, வர 30. வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா பெட்ரோல் மட்டும் இல்ல, ரெண்டு அரை நாள் போச்சு. காத்து, மழை வந்தா கரண்ட் போகும். கரண்ட் போனா கொஞ்ச நேரத்துல நெட்டும் போகும். இன்வெர்ட்டர், ரெண்டாவது நெட் கனெக்‌ஷன்னு ரெண்டையும் கணக்குல சேர்த்தேன். துணி மூணு நாள் ஆனாலும் காயல. இதெல்லாம் சேர்ந்தா வாடகையில மிச்சம் பிடிச்சதுல நல்ல ஒரு பங்கு கரைஞ்சு போகுது.

எக்ஸெல்ல வராத விஷயம் ஒண்ணு இருக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழை ஞாபகம் இருக்கா? ஏற்காடு மலைப்பாதையில பல இடத்துல மண் சரிஞ்சு போக்குவரத்தே நின்னுச்சு. ஊருக்குப் பிரதான வழி அந்த ரோடுதான், குப்பனூர் வழியா இன்னொரு பாதை இருக்கு, அவ்வளவுதான். வயசான அப்பா அம்மா நாளைக்கு நம்மகூட வந்து இருப்பாங்கன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா, 20 வளைவு இறங்கணும். பயமுறுத்தச் சொல்லல. வாடகை ஏன் கம்மின்னு கேட்டா, பதில்ல ஒரு பகுதி இதுதான்.

மலை ஏன் ரொம்ப நாள் மலிவா இருக்காது?

இதுதான் எனக்குப் புரிய நேரமான விஷயம். ஒரு ஊர்ல வாடகை குறைவா இருக்கணும்னா, வர்ற ஆளுங்களுக்குத் தகுந்த மாதிரி வீடும் கூடணும். மினியாபொலிஸ் 2018-ல என்ன பண்ணுச்சு தெரியுமா? ஒரு மனையில ஒரே ஒரு குடும்பத்துக்கான வீடுதான் கட்டலாம்னு இருந்த விதியை எடுத்துட்டு, மூணு குடும்பம் வரைக்கும் இருக்கிற மாதிரி கட்டலாம்னு திட்டம் போட்டாங்க. சமவெளி, இடம் இருக்கு, கட்டலாம்.

மலையில அப்படி முடியாது, முடியவும் கூடாது. ஏற்காடு, மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான தனி விதிகளுக்குள்ள வர்ற இடம். மரத்தை வெட்டி, சரிவை வெட்டி அடுக்குமாடி கட்டினா அடுத்த மழைக்கு அது ரோட்டுலதான் வந்து நிக்கும். நிலத்துல பெரும்பகுதி காபி எஸ்டேட்டும் காடும். பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படைச்ச நிலத்தை வெளியாளுக்கு விற்கத் தடை இருக்கு. "சீப்பா இருக்கு சார், பட்டா அப்புறம் மாத்திக்கலாம்"னு யாராவது சொன்னா, அந்த இடத்திலேயே எழுந்து வந்துடுங்க.

சேர்வராயன் மலையோட சொந்தக்காரங்க மலையாளிப் பழங்குடி மக்கள். பேரைப் பார்த்துக் குழம்பாதீங்க, கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, தாய்மொழி தமிழ். மலையை ஆளுறவங்கன்னு அர்த்தம் சொல்றாங்க. தமிழ்நாட்டுல பழங்குடியினருக்கு ஒதுக்கின சட்டமன்றத் தொகுதி ரெண்டே ரெண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம்.

நாங்க தங்கின வீட்டுக்கு வேலைக்கு வந்த அக்கா ஒரு நாள் சாதாரணமா கேட்டாங்க: "ஏம்மா, நீங்கல்லாம் கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு இங்கயே வந்துட்டா, எம் பொண்ணு கட்டிக்கொடுத்துப் போனா எங்க வீடு பிடிப்பா?" அவங்க பொண்ணு டவுன்ல ஒரு கடையில வேலை பாக்குறா. அவ சம்பளமும் நான் பார்த்த 9,000 ரூபாய் வாடகையும் கிட்டத்தட்ட ஒண்ணு. எனக்குப் பதில் வரல. கட்டுப்படி ஆகிற ஊர்னு நாம சொல்றது யாருக்குக் கட்டுப்படி? நம்ம சம்பளம் பெங்களூர்ல இருந்து வருது, அதனால நமக்கு மலிவு. புது வீடு கூட்ட முடியாத ஊர்ல நாம ஒரு வீட்டைப் பிடிச்சா, அங்க ஒருத்தருக்கு ஒரு வீடு குறையுது.

அப்போ கீழே?

அடுத்து சேலம். பெங்களூர் 200 கிலோமீட்டர் சொச்சம். கோவை–பெங்களூர், கோவை–சென்னை ரெண்டு வந்தே பாரத்தும் இங்க நிக்குது. 2023 அக்டோபர்ல இருந்து விமானமும் மறுபடி ஓடுது. டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெயில்? அது இருக்கு, மறைக்க மாட்டேன். சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட்டா கொஞ்சம் மன்னிச்சிடலாம்.

கன்னங்குறிச்சி, கோரிமேடு, அஸ்தம்பட்டி பக்கம் தேடினோம். மலை அடிவாரத்துக்குக் கிட்ட, மூக்கனேரி பக்கத்துல. ஊர்க்காரங்களே சேர்ந்து மீட்டெடுத்த ஏரி அது. வாடகை 11,000-லிருந்து 16,000. ஏற்காட்டை விடக் கொஞ்சம் கூட, ஆனா மலைச் செலவு கிடையாது.

ரெண்டாவது கேள்வி

இப்போ கஷ்டமான பகுதி. சேலம் முற்போக்கான ஊரா?

வரலாற்றைக் கேட்டா, இதை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1944 ஆகஸ்ட் 27, நீதிக்கட்சி திராவிடர் கழகம்னு பேர் மாறினது இந்த சேலத்துலதான். பெரியார் தலைமை, அண்ணா கொண்டு வந்த தீர்மானம். அதே அண்ணா முதலமைச்சராகி 1967-ல சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கின சட்டத்தைச் சட்டசபையில நிறைவேத்தினார். எங்க கல்யாணம் ஐயரும் இல்லாம தாலியும் இல்லாம நடந்து பதிவாச்சுன்னா அதுக்கு அந்தச் சட்டம்தான் காரணம்.

ஆனா இதே மாவட்டத்துல ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், இன்ஜினியரிங் படிச்ச பையன், 2015-ல வேற ஜாதிப் பொண்ணோட கோயில்ல பேசிக்கிட்டு இருந்ததுக்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். 2022-ல மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தீர்மானம் போட்ட ஊரும் இந்தப் பக்கம்தான், கொலை நடந்ததும் இந்தப் பக்கம்தான். ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

எங்களுக்கு நடந்தது என்னன்னா: பார்த்த வீடு ஏழு. நாலு வீட்ல "நீங்க என்ன ஆளுங்க?" நேராவே கேட்டாங்க. ஒரு வீட்ல சுத்தி வளைச்சு, குலதெய்வம் எதுன்னு கேட்டாங்க. நாங்க ஒரே பதில்தான் சொன்னோம்: "ரெண்டு பேரும் வேற வேறங்க." மூணு வீடு அதோட முடிஞ்சுது. ஒருத்தர் டீ கொடுத்து, நல்லாப் பேசி, மறுநாள் "பையன் வர்றான்மா"ன்னு போன் பண்ணார். அந்த டீ ரொம்ப நாள் தொண்டையில நின்னுச்சு.

பெங்களூர், சென்னைன்னா கேக்க மாட்டாங்களான்னு நீங்க கேட்கலாம். கேக்குறாங்க. அங்க "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா"ன்னு கேப்பாங்க. கேள்வி ஒண்ணுதான், டிரெஸ் வேற.

சட்டம் எதுவரை வரும்? அமெரிக்காவுல 1968-லேயே இனம், மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. நம்ம தமிழ்நாட்டுல 2017-ல நிறைவேறி 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கு. எழுத்துல ஒப்பந்தம் போட்டுப் பதிவு பண்ணணும், வேற மாதிரி ஒத்துக்கிட்டாலொழிய அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேட்கக் கூடாது, சண்டை வந்தா தண்ணி, கரண்டைக் கட் பண்ணக் கூடாது. இதெல்லாம் நல்ல பாதுகாப்பு. ஆனா ஜாதி கேட்டு வீடு மறுக்கக் கூடாதுன்னு அதுல எதுவும் இல்லை.

முடிவு

ஏழாவது வீடு, கன்னங்குறிச்சிப் பக்கம், மாடி போர்ஷன். ஓனர் ரிட்டையர்ட் டீச்சர் அம்மா. எங்களை மேல இருந்து கீழ பார்த்துட்டு கேட்ட கேள்வி: "மோட்டார் போட்டா ஞாபகமா நிறுத்துவீங்களா?" நிறுத்துவோம்னு சொன்னோம். வாடகை 13,000, அட்வான்ஸ் மூணு மாசம். வர்ற மாசம் பால் காய்ச்சுறோம்.

நீங்களும் தேடுறீங்கன்னா நான் கத்துக்கிட்டது மூணு. வாடகையை மட்டும் பார்க்காம ஆஸ்பத்திரி, நெட், பயணம் எல்லாத்தையும் சேர்த்து மாசக் கணக்கு போடுங்க. நீங்க போறதால அந்த ஊர்க்காரங்களுக்கு என்ன ஆகும்னு ஒரு தடவையாவது யோசிங்க. மூணாவது, முற்போக்கான ஊருன்னு மேப்ல ஒரு புள்ளி கிடைக்காது. கிடைக்கிறது ஒரு தெரு, ஒரு வீடு, சில சமயம் ஒரே ஒரு டீச்சர். அதுக்காக ஏழு வீடு ஏறி இறங்கணும், பொய் சொல்லாம. பொய் சொல்லிப் பிடிச்ச வீட்ல ஒவ்வொரு காலிங் பெல்லுக்கும் பயப்படணும்.

மலையை விட்டுடல. ஞாயித்துக்கிழமை பஸ் பிடிச்சா ஏற்காடு ஒரு மணி நேரம் சொச்சம்தான். போய் காபி குடிச்சிட்டு, சாயங்காலம் இறங்கிடுவோம்.

உங்க ஊர்ல வீடு தேடின கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துப் பேசலாம். அதுவரைக்கும், மோட்டாரை மறக்காம நிறுத்துங்க மக்களே.