பலஸ்தீனக் கவிதைகளை றொசல்லயில் வாசித்தல்

1981ஆம் ஆண்டு எம்.ஏ. நுஃமான் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். கல்முனைக்குடியில் பிறந்த அவர் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். மஹ்மூத் தர்வீஷ், சமீஹ் அல் காசிம், பத்வா துக்கான் போன்றோர் ஆங்கிலத்தின் வழியாக அவர் கையால் தமிழுக்கு வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டு மே 31ஆம் திகதி இரவுதான் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அதைப் பற்றி ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையை எழுதியவரும் இதே நுஃமான்தான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். தூரத்து மக்களின் உரிமைக்காக ஒரு கலைஞன் எழுதுவதும், தன் வாசலில் எரிவதைப் பற்றி எழுதுவதும் ஒரே மனத்தின் வேலை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்பவனின் எழுத்தில் ஏதோ குறைகிறது.

பலஸ்தீனம் என்றால் எங்கட பள்ளிவாசல்களில் துஆ கேட்கிறோம், ஜும்ஆ குத்பாவில் பேசுகிறோம். நல்லதுதான். ஆனால் அதை மார்க்க விவகாரமாக மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கவிஞர்களின் வரலாறு வேறொன்றைச் சொல்லும். சமீஹ் அல் காசிம் ட்ரூஸ் குடும்பத்தவர். இஸ்ரேல் இராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்றவர். தவ்பீக் சையாத் கம்யூனிஸ்ட். 1975இல் நாசரேத் நகரின் மேயரானவர். இவர்களது எழுத்தை ‘எதிர்ப்பு இலக்கியம்’ என்று 1966இல் பெயரிட்டு ஆராய்ந்தவர் கஸ்ஸான் கனபானி. 1972இல் பெய்ரூத்தில் காரில் வைத்த குண்டுக்கு அவர் பலியானார். இவர்கள் எழுதியதெல்லாம் காணி, ஒலிவ மரம், அழிக்கப்பட்ட ஊரின் பெயர், அனுமதிப் பத்திரம், அடையாள அட்டை. ஒரு மனிதன் தான் பிறந்த மண்ணில் தான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருப்பதன் அவமானம்தான் அவற்றின் பாடுபொருள்.

தர்வீஷ் 1941இல் அல் பிர்வா என்ற கிராமத்தில் பிறந்தார். 1948இல் அந்தக் கிராமம் அழிக்கப்பட்டது. லெபனானுக்கு ஓடிய குடும்பம் களவாகத் திரும்பி வந்தபோது குடிசன மதிப்பு முடிந்துவிட்டிருந்தது. ஆள் இருக்கிறான், பதிவில் இல்லை. ‘அடையாள அட்டை’ என்ற அவரது பெயர்பெற்ற கவிதை 1964இல் வந்தது இந்தப் பின்னணியில்தான்.

இப்போது அதே 1948ஐ எங்கட பக்கம் திருப்பிப் பார்ப்போம். அந்த வருடம் மே மாதத்தில் பலஸ்தீனத்தின் ‘நக்பா’. நவம்பரில் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் 10ஆம் திகதி பாரிஸில் உலக மனித உரிமைப் பிரகடனம். அதன் 15ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு என்கிறது. மை காயுமுன்னமே இங்கே ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள்!

சட்டம் கேட்டது சின்ன விஷயம் போலத்தான் தெரியும். வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். றொசல்லயிலோ வட்டவளையிலோ லயத்தில் பிறந்த பிள்ளையின் பூட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எங்கே தேடுவது? பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட செக்ரோல் உண்டு, அது செல்லாது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இந்தக் கதையை வெளியுலகுக்குச் சொன்னவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர், அடுத்த வருடமே தன் மக்கள் பிரஜைகள் அல்லாதவர்களாவதைப் பார்த்தார். 1954இல் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய நெடுங்கவிதையை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். காரணம் ஊகிக்கக் கூடியதே. தோட்டத்தில் நடப்பது தோட்டத்தாருக்குத் தெரியும். தேநீர் குடிப்பவனுக்குத்தான் தெரியாது. சக்தீ அ. பால ஐயா அதைத் தமிழாக்கியது பின்னர். நுஃமான் வெளியுலகக் குரலை உள்ளே கொண்டுவந்தார், சி.வி. உள்ளிருந்த குரலை வெளியே அனுப்பினார்.

இதெல்லாம் தனிமனித முயற்சி மட்டுமல்ல. 1958இல் தாஷ்கந்தில் கூடிய ஆசிய ஆபிரிக்க எழுத்தாளர்கள் தமது நிரந்தரப் பணியகத்தைக் கொழும்பில்தான் வைத்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது ஞாபகம்? பின்னாளில் அவ்வியக்கத்தின் ‘லோட்டஸ்’ சஞ்சிகையைப் பெய்ரூத்திலிருந்து நடத்தியவர் உருதுக் கவிஞர் பைஸ் அஹ்மத் பைஸ். சொந்த நாட்டில் சியாவுல் ஹக்கின் ஆட்சிக்கு ஆகாதவராகி, பலஸ்தீனர்களோடு போய் இருந்தவர். நம் மலைநாட்டில் மாத்தளைப் பண்ணாமத்துக் கவிராயர் பிறமொழிக் கவிதைகளைத் தமிழாக்கி ‘காற்றின் மௌனம்’ எனத் தந்ததையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1948 சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் டீ.பீ. ஜாயாவும் இருந்தார், அவரிடம் இருந்தது தொழில் அமைச்சு. மறுவருடச் சட்டத்தின் பெயரே ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்’ சட்டம். இங்கே கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும் அதே வலைக்குள்தான். அப்படியிருந்தும் கொழுந்து பறிப்பவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று சொல்லும் பேச்சு எங்கட வீடுகளுக்குள் இன்னும் கேட்கிறது. அவர்களுடைய சம்பள நாளை நம்பித்தான் ஹட்டன் கடைவீதியில் எங்கட கடன் கொப்பி ஓடுகிறது.

கவிதை சட்டத்தை மாற்றாது. தென்னாபிரிக்கப் பாடகி மிரியம் மக்கேபா 1963இல் ஐ.நா.வில் இனவொதுக்கலுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அவருடைய இசைத்தட்டுகளை நாட்டில் தடை செய்தார்கள். இனவொதுக்கல் வீழ இன்னும் முப்பது வருடம் சென்றது. பலஸ்தீனம் பற்றி நம்மவர் எழுதும் கவிதைகள் பலவற்றில் இரத்தம் கொதிக்கிறது, வாள் மின்னுகிறது, மனிதரைக் காணவில்லை. நுஃமான் தன் கோபத்தை எழுதாமல் அவர்களது குரலையே தமிழாக்கியதன் பெறுமதி இதில்தான். நான்கு பத்தாண்டுகள் கழித்தும் அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம்.

நான் வாசித்துக் காட்டுவதுண்டு. தர்வீஷையும் சி.வி.யையும் ஒரே பாடவேளையில் எடுப்பேன். ஒருமுறை பத்தாம் ஆண்டுப் பிள்ளையொன்று, “சேர், அவருக்குக் கடைசியில ஐ.சி. கிடைச்சதா?” என்று கேட்டது. 1970இல் நாட்டைவிட்டுப் போனவர் 1996இல்தான் ரமல்லாவுக்கு வந்தார், 2008இல் இறந்தபோது அங்கேதான் அடக்கம் செய்தார்கள் என்றேன். அல் பிர்வா எங்கே என்று கேட்டது. வரைபடத்தை விரித்து அக்காவுக்குக் கிழக்கே காட்டினேன். அந்த இடத்தில் அந்தப் பெயர் இல்லை.