வஹாகாவுக்கு விசா வேணும்... கொள்ளிடம் தாண்ட பஸ் டிக்கெட் போதும்!

மெக்சிகோவுல வஹாகான்னு ஒரு நகரம் இருக்கு. டிராவல் வீடியோ பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தா கண்டிப்பா கண்ணுல பட்டிருக்கும். காலையில மார்க்கெட்ல சாப்பாடு, மத்தியானம் பக்கத்துக் கிராமத்துல கைவினைக்காரங்க வீடு, ராத்திரி பழைய வீடு ஒண்ணுல தங்கல். ஊருக்கு வர்ற முக்கால்வாசிப் பேரோட பிளான் இதுதான். சுத்துப்பட்டு கிராமம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு தொழில். ஒரு ஊர்ல பளபளக்கிற கறுப்பு மண்பானை, இன்னொரு ஊர்ல பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் போட்ட கம்பளி விரிப்பு.

இதே அமைப்பு நம்ம கொள்ளிடக் கரையிலயும் இருக்கு. வஹாகா நகரம் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது 1987-ல். தஞ்சைப் பெரிய கோயிலும் அதே வருஷம்தான் சேர்ந்தது. 2004-ல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதோட இணைஞ்சது. ஆனா நம்மாளுங்க கோயிலைப் பார்த்து, செல்ஃபி எடுத்து, அன்னிக்கு ராத்திரியே வீடு திரும்பிடுறோம். பட்டறைக்காரங்களைப் பார்க்க நேரமே இருக்கிறதில்லை.

அதனால ஒரு ராத்திரி தங்குற மாதிரி இந்த பிளான். தா.பழூர்ல ஆரம்பிச்சு கங்கைகொண்ட சோழபுரம், அணைக்கரை, திருப்பனந்தாள், கும்பகோணம். திரும்பும்போது நீலத்தநல்லூர் - மதனத்தூர் பாலம் வழியா மறுபடியும் தா.பழூர்.

முதல்ல ஒரு 'இல்லாத' ஊர்

தா.பழூர் ஒன்றியத்துலயே இருக்கு கோடாலிகருப்பூர். பஸ்ல போனா சாதாரணமா தாண்டிப் போயிடுவீங்க. போர்டு இல்ல, கடை இல்ல. ஆனா இந்த ஊர் பேரைத் தாங்கின புடவைங்க இன்னிக்கு லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு.

19-ம் நூற்றாண்டுல தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்காகவே நெய்யப்பட்ட புடவை இது. மெல்லிசான பருத்தியில, ஜம்தானி முறையில தங்கச் சரிகை வேலையை முதல்ல தறியிலயே நெய்வாங்க. அப்புறம் துணி சாயக்காரங்க கைக்குப் போகும். சாயம் ஏறக் கூடாத இடத்துல மெழுகால வரைஞ்சு, மிச்சத்துக்கு அடர் சிவப்பு ஏத்துவாங்க. சரிகை மேலயும் சாயம் படியும். தங்கம் நேரடியா மின்னாம, சிவப்புக்கு அடியிலிருந்து மங்கலா தெரியும். தங்கத்தை வெச்சு அதையே மறைக்கிறதுக்கு என்ன ஒரு தைரியம் வேணும் பாருங்க! கல்யாணச் சீரா பரோடா, கோல்ஹாபூர் அரண்மனைகளுக்கும் இந்தப் புடவை போயிருக்கு.

1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாம இறந்தார். தஞ்சை அரசு பிரிட்டிஷார் கைக்குப் போச்சு. வாங்குறதுக்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது, அந்த வீடு போனதும் தொழிலும் கொஞ்ச காலத்துல போயிடுச்சு. இன்னிக்கு கோடாலிகருப்பூர்ல போய் 'அந்தப் புடவை இருக்கா?'ன்னு கேட்டா கிடைக்காது.

ஆனா அதோட தங்கச்சி மாதிரியான கலை ஒண்ணு பிழைச்சுக்கிச்சு. கோயிலுக்கான கலம்காரி. தேர்ல தொங்குற தொம்பை, குடைத்துணி, மேல்கட்டா கட்டுற அஸ்மானகிரி எல்லாம் இந்த வகைதான். நாயக்கர் காலத்துல வளர்ந்த கலை. 2021-ல் 'கருப்பூர் கலம்காரி ஓவியம்'ங்கிற பேர்ல புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு. அணைக்கரையைத் தாண்டி திருப்பனந்தாள் பக்கம் இருக்கிற சிக்கல்நாயக்கன்பேட்டையில இன்னும் மூங்கில் குச்சியால வரையுறாங்க. கோயிலுக்கு மட்டும் செஞ்சா ஆர்டர் எத்தனை வந்துடும்? நம்ம வீட்டுச் சுவருக்கு ஒரு சின்னத் துணி வாங்கினா, வாங்குற வீடுகளோட எண்ணிக்கை ஒண்ணு கூடும்.

வழியில கங்கைகொண்ட சோழபுரத்துக்கு சாயங்காலமா போங்க. மதியம் நடை சாத்திடுவாங்க, கல்லும் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். வெயில் சாயும்போது விமானத்தோட வளைவு தனி அழகு. சண்டேச அனுக்கிரக சிற்பத்தைத் தவற விடாதீங்க. பக்கத்துல மாளிகைமேட்டுல ராஜேந்திர சோழனோட அரண்மனை அடித்தளம் செங்கல் செங்கலா கிடக்கு.

எங்க தங்கறது?

ஜெயங்கொண்டத்துல சாதாரண லாட்ஜ் கிடைக்கும். என் ஓட்டு கும்பகோணத்துக்குத்தான். பட்ஜெட் கம்மின்னா மகாமகக் குளத்தைச் சுத்தியும் ரயில்வே ஸ்டேஷன் பக்கமும் லாட்ஜுகள். கொஞ்சம் செலவு பண்ணலாம்னா சுவாமிமலைப் பக்கம் பழைய வீட்டு பாணியில திண்ணை, முற்றத்தோட ரிசார்ட்டுகள். ரூம் போடுறதுக்கு முன்னாடி காலண்டர்ல முகூர்த்த நாளைப் பாருங்க. கல்யாண கும்பல், நவகிரக டூர் வேன் ரெண்டும் சேர்ந்தா வாடகை எகிறிடும். அடுத்த மகாமகம் 2028-ல், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

காலையில டிகிரி காபி. பால்மானியில அளந்து பார்த்த கலப்படமில்லாத பால்ங்கிறதாலதான் 'டிகிரி'ன்னு ஒரு விளக்கம் சொல்வாங்க. பைபாஸ்ல பித்தளை டம்ளரை வெச்சு போர்டு மாட்டின கடை எல்லாத்துலயும் அந்த ருசி இருக்கும்னு நம்பாதீங்க. ஊருக்குள்ள போய், உள்ளூர்க்காரங்க நின்னு குடிக்கிற கடையா பாருங்க. இட்லிக்கு கடப்பா இருக்கான்னு கேளுங்க. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கெட்டிக் குழம்பு இது, இந்தப் பக்கத்தோட ஸ்பெஷல். தினமும் போட மாட்டாங்க, இருந்தா அதிர்ஷ்டம். சாப்பாட்டுக்கு அப்புறம் கும்பகோணம் வெற்றிலை. 2025-ல் அதுக்கும் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு.

மெழுகு உருகி ஓடுற ஊர்

சுவாமிமலைக்கு கோயிலுக்காக மட்டும் போகாதீங்க. டெல்லி பாரத் மண்டபத்துல ஜி20 மாநாட்டுக்காக 2023-ல் நிறுத்தின 27 அடி நடராஜர் இங்க வார்த்ததுதான். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதல்ல உருவம் செய்வாங்க. அது மேல காவிரி வண்டல் மண்ணை அடுக்கடுக்கா பூசி, நிழல்ல காய வெச்சு, சூடு பண்ணுவாங்க. மெழுகு உருகி வெளிய ஓடிடும். அந்தக் காலி இடத்துல உலோகக் குழம்பை ஊத்தி, ஆறினதும் மண்ணை உடைச்சு எடுப்பாங்க. அச்சு அதோட முடிஞ்சது. அடுத்த சிலைக்கு மறுபடியும் மெழுகுலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

வாங்குறதா இருந்தா ரெண்டு கேள்வி கேளுங்க. 'மெழுகு வார்ப்பா, அச்சுல எடுத்ததா?', 'கனமா, பொள்ளலா?' ஒரே முகத்தோட பத்து பிள்ளையார் வரிசையா இருந்தா அது அச்சு வேலைன்னு நீங்களே கண்டுபிடிச்சுடலாம். அச்சு வேலை வாங்குறது தப்பில்ல, ஆனா கை வேலைக்கான விலையை அதுக்குக் கொடுக்காதீங்க. உளி வெச்சு செதுக்குற வேலைக்கு மட்டுமே வாரக்கணக்குல ஆகும்ங்கிறதால, பட்டறையில பேரம் பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்க. போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி அனுமதி கேளுங்க, உலோகம் ஊத்துற நேரத்துல தள்ளி நில்லுங்க.

சிலை வாங்க பட்ஜெட் இல்லையா? நாச்சியார்கோவிலுக்கு ஒரு எட்டு போங்க. குத்துவிளக்கோட அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேல அன்னம்னு தனித்தனியா வார்த்து, திருகு வெச்சு மாட்டுவாங்க. பையில கழட்டி எடுத்துட்டு வந்துடலாம். பட்டுன்னா திருபுவனம். நெசவாளர் கூட்டுறவு சங்கக் கடைக்கே நேரா போனா நல்லது.

திரும்பும்போது நீலத்தநல்லூர் பாலத்துல வண்டியை ஓரம் கட்ட இடம் இருந்தா கொள்ளிடத்தைப் பாருங்க. தண்ணி இல்லாத மாசத்துல மணல்தான் தெரியும். ஆடியில, மேல அணைங்க நிரம்பித் திறந்து விட்டிருந்தா, மதனத்தூர்க் கரை வரைக்கும் ஒரே தண்ணி. கோடை லீவுல போறவங்க ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி சீசனையும் சேர்த்துக்கலாம்.