பொன்னை நிறுத்த பித்தளை உருவங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவின் நடுப்பகுதியில், குமாசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அசாந்தே மக்கள் பொன் துகளையே பணமாகப் புழங்கினர். ஆகவே அங்கு வணிகம் செய்தோர் சிறு தராசு, கரண்டி, துகளை வைக்கும் பித்தளைச் செப்பு ஆகியவற்றோடு எடைக்கற்களையும் உடன் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. மிக நுண்ணிய அளவுகளுக்கு விதைகளே பயன்பட்டன. அவற்றுள் ‘தம்மா’ எனப்பட்டது, தமிழகத்துப் பொற்கொல்லர்கள் பொன் நிறுத்த அதே குன்றிமணியாகும்.

அதற்கு மேற்பட்ட எடைகளுக்கு உரியவை பித்தளை வார்ப்புகள். தேன்மெழுகில் உருவம் செய்து, கரித்தூள் கலந்த களிமண்ணை அதன்மேல் பூசி உலர்த்திச் சூடாக்கினால், மெழுகு உருகி வெளியேற, உள்ளே உருவத்தின் வெற்றிடம் மட்டும் எஞ்சும். அசாந்தே வார்ப்பாளர்கள் உலோகத் துண்டுகள் இட்ட மூசையை, அதாவது உருக்கும் மண்கலத்தை, அச்சோடு சேர்த்தே மூடி உலையில் வைத்து, உலோகம் இளகியதும் முழுவதையும் தலைகீழாகத் திருப்பி, உருகிய பித்தளை காற்றுப் படாமல் அச்சுக்குள் இறங்கச் செய்தனர். வேர்க்கடலை, வண்டு போன்றவற்றை வார்க்க மெழுகும் தேவைப்படவில்லை. அவற்றையே மண்ணில் பொதிந்து எரித்ததால், கடலை ஓட்டின் வரிகள்கூட உலோகத்தில் அப்படியே பதிந்தன.

இவ்வாறு வார்த்த உருவம் குறித்த எடைக்குச் சரியாக அமைவது அரிது என்பதால், மிகுந்தால் ஓர் ஓரத்தை அரத்தால் ராவியும், குறைந்தால் ஈயம் சேர்த்தும் நிரவினர். கால் வெட்டுண்ட விலங்குருவங்களைச் சிதைவு என்று கருதிவிடலாகாது; அளவின் நேர்மைக்காக அழகை விட்டுக்கொடுத்த செயலாகவே அவற்றை மதிக்க வேண்டும். உருவத்துக்கும் எடைக்கும் நிலையான தொடர்பு இல்லாமையால், ஒரே எடை சிறுத்தையாகவும் படிக்கட்டுக் கோலமாகவும் இருக்கக்கூடும். எனினும் உருவங்கள் வெறும் அணி அல்ல. ஒரே வயிற்றைப் பகிரும் இரட்டை முதலைகள், உணவு ஒரே வயிற்றுக்குச் செல்வதாயினும் வாய்கள் சண்டையிடுவதைச் சொல்லி, குடும்பத்தார் பூசலிடுவதைக் கண்டிக்கும் பழமொழியை நினைவூட்டின.

இத்தகைய எடைக்கற்களைப் பெருந்திரளாக நிறுத்து ஆராய்ந்த திமோதி காரார்ட், 1980இல் வெளியிட்ட நூலில், அவற்றின் அளவுகள் சகாரா வழி வணிகத்தின் இசுலாமிய மித்கால், கடல் வழி வந்த போர்த்துகீசிய அவுன்சு, பின்னர் 31.1 கிராம் கொண்ட டிராய் அவுன்சு ஆகியவற்றைத் தழுவியவை எனக் காட்டினார். எழுத்தில் பதிவாகாத பல நூற்றாண்டு வணிக உறவுகளை இந்தப் பித்தளைத் துண்டுகளின் எடையைக் கொண்டே அறிய முடிகிறது.