மின்னொளிர்வுத் திரைக்கு ஒளியூட்டல்

நாகசல்பைட்டுத் தூள் மின்புலத்தில் ஒளிர்வதைப் பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் தெஸ்த்ரியோ 1936இல் வெளியிட்டார். 1992இல் டைமெக்ஸ் கைக்கடிகார முகப்பை ஒளிரச் செய்ததும் இத்தத்துவமே. ஆயின் இங்கு ஒரு முரண்பாட்டை நாம் எதிர்கொள்கிறோம். மின்கலம் தருவது 3 வோல்ற் அளவான நேரோட்டம். ஒளித்தகடு வேண்டுவதோ ஏறத்தாழ 100 வோல்ற் ஆடலோட்டம். இரு கடத்திப் படைகளிடையே பொசுபரைக் கொண்ட அத்தகடு ஒரு கொள்ளளவியாகும். மின்புலம் மாறுந்தோறுமே அது ஒளிரும்.

இம்முரண்பாட்டைத் தீர்ப்பது ஒரு சிறு மாற்றிச் சுற்று. சுருளிற் பாயும் ஓட்டத்தைத் திரான்சிற்றர் விரைந்து துண்டிக்க, உயரழுத்தம் தூண்டப்படுகிறது. அதுவே திசைமாறி மாறித் தகட்டை அடைகின்றது. அழுத்தம் உயர்வதற்கேற்ப மின்கலம் கூடிய ஓட்டத்தை ஈடாக வழங்க வேண்டியுள்ளது. மீடிறனைக் கூட்டின் ஒளி மிகும். பொசுபரின் ஆயுளோ குறையும். ஆதலின், எழுத்துக்கள் தெளிவாகத் தெரியப் போதிய ஒளியோடு அமைவதே தக்கது என்பது நம் துணிபு.