வேலையில் மனம் பதிந்தால் மொழியும் வசப்படும்

பத்தாண்டுகள் ஆங்கிலம் பயின்ற உங்கள் மகனிடம் வங்கிப் படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். பல இல்லங்களில் பேனா தயங்கி நிற்கும். வினைச்சொற்களின் முக்காலங்களையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பிள்ளை, வாப்பாவின் விமானச் சீட்டில் புறப்படும் நேரம் எது, சேரும் நேரம் எது என்று கேட்டால் விழிக்கிறான். "இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தோமே!" என்று உம்மா பெருமூச்செறிகிறார்கள்.

குறை பிள்ளையிடமா இருக்கிறது? கற்பிக்கும் முறையில் இருக்கக்கூடாதா?

இக்கேள்விக்கு விடை தேடி நம் தென்னகத்திலேயே ஓர் அரிய முயற்சி நடந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களிலுள்ள சில பள்ளிகளில் அது நடைபெற்றது. அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு அதற்கு வழிகாட்டினார். மொழியாசிரியர் உலகம் அதனைப் 'பெங்களூர்த் திட்டம்' என்றே அழைக்கிறது.

அதுவரை வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதே வழக்கமாக இருந்தது. வகுப்பில் பிழையின்றிச் சொன்ன மாணவன், வெளியே வந்ததும் தடுமாறினான். பிரபுவோ, மனம் பொருளில் ஊன்றி நிற்கும் வேளையில்தான் இலக்கணம் தானாக உள்ளே படிகிறது என்று கருதினார்.

வகுப்பில் நடந்தது என்ன?

இலக்கணப் பாடத்திற்குப் பதிலாக மாணவர்களுக்கு வேலைகள் தரப்பட்டன. இரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவையே பாடப் பொருள்களாயின. ஒரு வண்டி காலை 6 மணிக்குப் புறப்பட்டு 11.30க்குச் சேர்கிறது, மற்றொன்று 7.15க்குப் புறப்பட்டு 12க்குச் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரைவாகச் செல்வது எது? நண்பகல் கூட்டத்திற்குச் செல்பவர் எதில் ஏறவேண்டும்? இத்தகைய ஒரு வேலையை ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதுடனும் ஆங்கிலத்தில் பேசி முடிப்பார். பின்னர் அதே போன்ற மற்றொன்றை ஒவ்வொரு மாணவனும் தனியே செய்வான். பாராட்டு விடையின் சரிக்கே தரப்பட்டது. ஒரே சொல்லில் பதில் வந்தாலும் ஏற்கப்பட்டது. பிழை நேர்ந்தால் ஆசிரியர் சரியான வாக்கியத்தை இயல்பாகச் சொல்லிவிட்டு மேலே செல்வார்.

வேலையின் கடினத்திற்கும் ஓர் அளவுகோல் இருந்தது. மாணவரில் பாதிப்பேராவது வேலையில் பாதியையாவது சரியாக முடிக்க வேண்டும். மிக எளிது என்றால் சலிப்பு. மிகக் கடிது என்றால் சோர்வு!

வெளியார் இருவர் மாணவர்களைச் சோதித்து, 1985இல் முடிவை வெளியிட்டனர். வாக்கிய அமைப்பை நேரடியாகச் சோதித்த தேர்வில் பழைய முறை மாணவர்களே முந்தினர். ஆனால் சூழலில் வைத்து இலக்கணத்தைச் சோதித்த தேர்விலும், சொல்வதை எழுதும் தேர்விலும் புதிய முறையினர் மேம்பட்டிருந்தனர். ஆகவே பள்ளித் தேர்வுக்கான இலக்கணப் பயிற்சியை விட்டுவிடுமாறு நாம் கூறவில்லை. அது மட்டுமே போதாது என்கிறோம். தம் அனுபவத்தைப் பிரபு 1987இல் நூலாக வெளியிட்டார்.

இல்லத்தில் நீங்கள் செய்யக்கூடியது

"எனக்கே ஆங்கிலம் வராதே, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று தாய்மார்கள் கேட்கலாம். கவலை வேண்டாம். மருந்து அட்டையை மகளிடம் கொடுத்து, "இது எந்த மாதம் காலாவதியாகிறது?" என்று தமிழிலேயே கேளுங்கள். அவள் படித்தறிய வேண்டியது ஆங்கிலம். உங்களுக்குக் கிடைக்கும் விடையோ ஒரு தேதி. அட்டையைப் பார்த்து அந்த எண்களை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். விருந்தினர் வரும் நாளில் இரயில் அட்டவணையை மகனிடம் நீட்டுங்கள். வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரித்துப் பொருள் கூறச் சொல்லுங்கள். தவறினால் ஏளனம் செய்யாதீர்கள். மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே! நீச்சலைக் கரையில் நின்று மனப்பாடம் செய்தவர் எவருமில்லை. இன்று உங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதம் ஒன்றை உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். அவ்வேலை அவனுக்கு உரியது என்று அவன் உணரட்டும். மொழி தானே வந்து சேரும்.